புகை போட்ட புத்தகங்கள்

மத்தியாஸ் கடைசிச் சுமையையும் வாசகசாலை மேசையில் இறக்கியபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

விடியலில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டு. மத்தியானம் முழுக்கப் புகைக்கூடம். உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலித்தது.

சிங்கப்பூரில் தொடங்கிய விஷக்காய்ச்சல் கிள்ளானுக்கு வந்துவிட்டதாம். கிள்ளானிலிருந்து இங்கே கோலா சிலாங்கூருக்கு எவ்வளவு தூரம்? வாசகசாலையோ ஒரே மேசையைச் சுற்றித் தோளோடு தோள் உரசிப் படிக்கிற இடம். நாளை முதல் பூட்டு என்று தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார்.

புத்தகங்களையும் சேர்த்துப் பூட்ட மத்தியாசுக்கு மனம் வரவில்லை. தலை நரைத்த பிறகு இந்த மேசையில்தான் அவன் எழுத்துக் கூட்டினான். ஊரடங்கு வந்தால் முள்வேலிக் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்பு போட்ட ஊரடங்குகளில் பழகியவன்; தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிடலாம்.

ஆனால் பல கை பட்டவை. ரப்பர் ஷீட்டில் பூசணம் பிடிக்காமலிருக்கப் புகை போடுவதில்லையா? அதே கணக்குத்தான். புகைக்கூடத்து அடுப்பு வெளியே, பின்பக்கம். அதை மத்தியானம் கூட வேலை செய்யும் உடையப்பன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மத்தியாஸ் உள்ளே, வருஷக்கணக்கில் புகை ஊறிக் கறுத்த கம்புகளில் புத்தகங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, திருப்பித் திருப்பிப் போட்டான்.

அப்பப்பா, என்ன அனல்! கண் எரிந்தது. தொண்டை கமறியது. இந்தச் சூட்டுக்குக் காய்ச்சல் எந்த மூலைக்கு என்று சிரித்துக்கொண்டான்.

இப்போது வாசகசாலை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் நல்லம்மாள், நிறைமாதக்காரி. அவனோடு சேர்ந்து எழுத்துப் படித்தவள்.

“கருவாட்டுக் கடையாட்டம்ல நாறுது! சீக்கிரம் குடுண்ணே, புள்ள வந்துட்டா எங்க படிக்கிறது?”

தடியான புத்தகமாகப் பார்த்து எடுத்து நீட்டினான்.

அப்போதுதான் உடையப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“கோவிச்சுக்காதலா, மத்தியாசு. வெறகு பச்ச. நீ உள்ள போறதுக்கு முந்தியே நெருப்பு அணஞ்சிருச்சு. அடுப்பு சில்லுன்னு கெடக்கு.”

மத்தியாஸ் சிரிக்க வாயெடுத்தான். கை நெற்றிக்குப் போனது; நெற்றி கொதித்தது.

நல்லம்மாளின் கை புத்தகத்தைத் தொடப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“அடேயப்பா! நேத்து எழுத்துக் கத்துக்கிட்ட ஆளுக்கு இன்னிக்கு இம்புட்டுக் கெப்பரா?”

அவன் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். எட்டிப் போகும்படி கையை மட்டும் காட்டினான்.

பிறகு கதவைச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டான்.