தீக்கோடு

“யாரைக் கூப்புடப் போற? நான்தான் இங்க நிக்கிறேனே. பத்த வெய்யா, பயந்தாங்கொள்ளி!” என்றான் ஏகாம்பரம்.

காலையில் தருமனை ‘மாமா’ என்றவன். மறந்துவைத்த அரிவாளை எடுக்க மலைச்சரிவில் ஏறி, வெறுங்கையோடு இறங்கி வந்ததிலிருந்துதான் இந்தப் பேச்சு.

கோடைக்கு முன் காய்ந்த புல்லில் கோடுபோல ஒரு பட்டையைக் கொளுத்திவிட்டால் பின்னால் வரும் காட்டுத்தீ அதைத் தாண்டாது. கொளுத்துமுன் வேலைக்கு வந்த எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். இன்று வந்தது இவர்கள் இருவர்தான்.

தருமன் வழக்கத்தை விடவில்லை. பக்கத்தில் நிற்பவனின் பேரையே மலையைப் பார்த்துக் கத்தினான்.

“ஏகாம்பரம்!”

பக்கத்தில் நின்றவன் வாய் திறக்கவில்லை. தீப்பெட்டியைப் பிடுங்கிக் குச்சியை உரசினான்.

மேலே, புல்லுக்குள்ளிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது.

“மாமா, கால் பாறையில மாட்டிக்கிச்சு. பத்த வெச்சுடாதீங்க மாமா!”