மறிக்காத லாரி

“இந்த வாரமும் லாரி ஓடுச்சா தாயி?”

மகாலட்சுமி உட்காரக்கூட இல்லை. கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வரி ஆபீசில் பெனிட்டாவின் மேசையோரம் நின்றாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

“ஓடியிருக்குக்கா. குமுளி தாண்டிக் கோட்டயத்துக்கு. பழைய இரும்பு லோடு.” பெனிட்டா கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொன்னாள். வாய்க்குப் பழகிவிட்டது.

“வழியில நம்ம ஆபீசருமாரு யாரும் மறிச்சாகளா?”

“இல்லக்கா.”

“மறிச்சிருந்தா அவரு மூஞ்சியப் பாத்திருப்பாக.” பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். “மாமியா வீட்ல கருமாதி பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. வண்டி ஓடுறப்ப நான் எப்பிடிப் பொட்டை அழிக்கிறது? எம்மக ஓவியா தெனமும் மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு, அப்பா இப்ப எந்த ஊரு தாண்டியிருப்பாருன்னு கேக்குறா.”

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐப்பசி மழையில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் சொந்த லாரியோடு காணாமல் போனவன் இவள் புருஷன் சுரேஷ்கண்ணன். பள்ளத்தில் இறங்கித் தேடிய போலீஸ்காரர்கள் ஒற்றைச் செருப்போடு மேலே ஏறி வந்தார்கள். லோடு ஏற்றுகிற லாரி நம்பரெல்லாம் வரி ஆபீசுக்கு வந்துவிடும் என்று யாரோ சொல்ல, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மாடி ஏறி வந்தாள் மகாலட்சுமி.

எந்த லாரியை எந்த ரோட்டில் மறித்தால் வரி ஏய்ப்பு சிக்கும் என்று கணக்குப் போட்டுப் பறக்கும் படைக்குக் கொடுப்பது பெனிட்டாவின் வேலை. அன்றைக்கு அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தாள். அந்த லாரியில் லோடு போவதாக வாராவாரம் பில் வந்துகொண்டிருந்தது. “அக்கா, உங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு!” என்று சொன்ன வாய் அவளுடையதுதான்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பில்லில் ஓடிய லாரியை ஒரு டோல்கேட்டும் பார்த்திருக்கவில்லை, ஒரு கேமராவும் பார்த்திருக்கவில்லை. இரும்பும் கிடையாது, வண்டியும் கிடையாது. பில் மட்டும்தான் நிஜம்.

பறக்கும் படைக்குப் பட்டியல் போடும்போதெல்லாம் அந்த நம்பர்தான் முதலில் வந்து நிற்கும். பெனிட்டா அதைக் கையாலேயே எடுத்துவிடுவாள். பிடித்தால் பில் நின்றுபோகும். பில் நின்றால் இந்த அக்காவுக்குப் புருஷன் செத்துப்போவான்.

இன்றைக்கு அப்படி எடுக்க முடியாது. காலையில் மேலதிகாரி ஈஸ்வரபாண்டி மேசையைத் தட்டிக் கத்திவிட்டுப் போயிருந்தார்.

“அந்த லாரிக்குப் பில் போடுற இரும்புக் கம்பெனி யாரு பேர்ல இருக்குன்னு தெரியுமாம்மா? வருசநாட்டுல ஆடு மேய்க்கிற கோட்டைச்சாமி பேர்ல! லோன் வாங்கித் தர்றேன்னு எவனோ ஆதார் கார்டை வாங்கிட்டுப் போயிருக்கான். வரி கட்டுன்னு வேற செக்‌ஷன்லருந்து நோட்டீஸ் போகவும் அந்தாளு பூச்சிமருந்தைக் குடிச்சிட்டாரு. நேத்துதான் அடக்கம் பண்ணுனாக. ஊருல உள்ள கள்ள லாரியெல்லாம் சொல்ற உன் கணக்குக்கு இது ஒண்ணு மட்டும் கண்ணு தெரியலையோ?”

இப்போது பெனிட்டாவால் மகாலட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த வண்டி ஓடல.”

“இப்பத்தான ஓடுச்சுன்னீக?”

“பில்லுல மட்டுந்தான் ஓடுது. வண்டிக்காரரு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு எவனோ அந்த நம்பரைப் போட்டு, சரக்கே இல்லாம வரிப்பணத்தைச் சுருட்டுறான். ஏண்டா என் நம்பரைப் போட்டேன்னு கேக்க ஆளு வராதுல்ல.”

மகாலட்சுமி அழவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போனது. “எப்பருந்து தெரியும்?”

“ரொம்ப நாளாத் தெரியும். உங்ககிட்டச் சொல்ல மனசு வரல. மறைச்சு வச்சதுல வருசநாட்டுல ஒரு உசுரு போயிருச்சுக்கா. கம்பெனி அவரு பேர்லதான் இருந்துச்சு.” பெனிட்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “இனி என்னால முடியாது. நாளைக்கு ஆளுக போறாக. பில்லு போடுற இடமும் தெரிஞ்சுபோச்சு. கம்பத்துல, உழவர் சந்தைக்குப் பின்னாடி ஒரு மாடி ரூமு.”

“நாளைக்கா?”

“காலையிலயே.”

மகாலட்சுமி எழுந்து வந்து பெனிட்டாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“நீங்க எதுக்கு அழுகுறீக தாயி? உங்க மேல என்ன தப்பு? எந்தலையெழுத்து. நான் வாரேன்.”

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். பெனிட்டாவுக்கு மனசு கேட்கவில்லை. இடி விழுந்தும் அழாமல் போகிறவள், வழியில் எங்காவது பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்துவிட்டால்? இன்னொரு உயிரையும் சுமக்கத் தெம்பில்லை. கூடவே போய் வீட்டில் விட்டுவிட்டு வருவோம் என்று அவளும் கீழே ஓடினாள்.

கேட்டில் ஆளைக் காணவில்லை. ரோட்டிலும் காணவில்லை. திரும்பியவளுக்கு, பைக் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து மகாலட்சுமியின் குரல் கேட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ரூமை இன்னைக்கே காலி பண்ணிட்டு, வேற எவன் ஆதார் கார்டாச்சும் கிடைக்குமான்னு பாருங்க, ஓவியாப்பா.”