இது யாருக்கு?

தெருவே பங்கு சேர்ந்து வெட்டிய ஆடு, இலைகளில் கூறு கூறாகக் கிடந்தது. கறிக்கு முதுகைக் காட்டி நிற்கும் செங்கமலம் யார் பெயரைச் சொல்கிறாளோ, சடையன் தொட்ட கூறு அவருக்கு.

"இது யாருக்கு மதினி?"

"ஈரலைத் தனி இலையில ஒதுக்கினியே, அது யாருக்கு?"

"ஊர்த் தலைவர் வீட்டுக்கு. வழக்கந்தானே?"

"நான் கண்ணால பாக்கக் கூடாது, அவரு கூறு மட்டும் என் முதுகுக்குப் பின்னால நடந்து போகணுமோ? அதையும் சேத்து வை. அப்பதான் வாயத் தொறப்பேன்."

"ஒம் பிள்ளைங்க சட்டியோட காத்துக் கெடக்கு."

"கெடக்கட்டும்."

சடையன் சலித்துக்கொண்டான். "வேற யாராச்சும் திரும்பி நில்லுங்கப்பா!"

முதலில் அவள் நாத்தனார் திரும்பினாள். பிறகு தெருவே திரும்பிச் செங்கமலத்தோடு நின்றது. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. பின்னால் இலை இழுபடும் சத்தம் கேட்டது. கூறுகளின் பக்கமா, தலைவர் வீட்டுப் பக்கமா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.