பாலகர் அழமாட்டார்
ஆலய மண்டபத்தில் இயேசு பிறப்பு நாடக ஒத்திகை நடக்கிறது. வைக்கோல் மேல் சத்தமில்லாமல் கிடக்கும் மூன்று மாதக் குழந்தையைப் பார்த்து உபதேசியார் பூரிக்கிறார். "போன தடவை வந்த குழந்தை கத்தி மானத்தை வாங்கிருச்சு. பாவமே இல்லாத பாலகர் அழுவாரா?" மாட்டுக்கொட்டகையில் கூடவே இருந்து பார்த்தவர் மாதிரிப் பேச்சு. மரியாள் வேஷத்தில் நீல முக்காட்டோடு உட்கார்ந்திருப்பவள்தான் பெற்றவள். "பொறந்ததிலேருந்தே அழலைங்கய்யா. மூளையில கோளாறுன்னு டாக்டர் சொல்றார்." "அட, இது வரம்மா! டாக்டருக்கு என்ன தெரியும்?" மேய்ப்பர் வேஷக்காரர்கள் கைதட்டுகிறார்கள். துணிக்கடியில் அவள் விரல்கள் குழந்தையின் தொடையைக் கிள்ளுகின்றன. இன்னும் அழுத்திக் கிள்ளுகின்றன. "ஒரே ஒரு தடவை அழுதுடுடா கண்ணு," என்று முணுமுணுக்கிறாள். தொடை கன்றிச் சிவக்கிறது. குழந்தை மேடை விளக்கையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.