சுற்றுலா விசா

"வருசத்துல ரெண்டு தடவை வந்து மாசக்கணக்கா தங்குறீங்களே, இங்க என்ன வேலை?" விமான நிலைய அதிகாரி, தனுசனின் இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"பொண்டாட்டி இங்க அக்காள்மடம் கிராமத்துல இருக்கா சார். ஏழாம் மாசம். பிள்ளை பொறக்குற வரைக்கும் கூட இருக்கணும்."

"அவங்களை அங்க கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அங்கன எனக்கே யாரையும் தெரியாது சார்."

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பேச்சு ராம்நாட்டுப் பேச்சா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"மண்டபம் அகதி முகாம்லதான் சார் பொறந்தேன். முப்பது வருசம் இங்கனதான் இருந்தேன். குடியுரிமை கிடைக்காமத்தான், பார்த்தே இராத நாட்டுக்குப் போனேன்."

அதிகாரி முத்திரையைக் குத்தினார்.

"இந்தத் தடவை முப்பது நாள்தான். ஊரைச் சுத்திப் பார்க்க அது போதும்."