ஆறு மணி வரைக்கும்

காலை பத்து மணிக்குப் பட்டு வியாபாரி வேலாயுதம், தனக்குப் பெரியம்மா முறையான தில்லையம்மாளின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"போய்ட்டாங்கம்மா."

ஜரிகை அசலா போலியா என்று தடவியே சொல்கிற விரல் அது. கடைத்தெருவில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

தில்லையம்மாளின் மகள் தேவிப்ரியா அழ வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கையால் பொத்தினான்.

"தப்பா நினைக்காதம்மா. ஆறு மணி வரைக்கும் அழாத. வேணும்னா உன் கால்ல விழறேன்."

அன்றைக்கு மாநகராட்சித் தேர்தல். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் போஸ்டரில் கும்பிட்டது அவன் மனைவி இளவரசி. கவுன்சிலர் ஆகப்போவது அவன்.

வார்டை அவன் சரக்குப் பிரிப்பதுபோலப் பிரித்து வைத்திருந்தான்.

அஹமது பாஷா தெரு ஏழு மணிக்கே வரிசையில் நின்று போட்டுவிட்டுப் போயிருக்கும். ஒன்றுகூட இவனுக்கு விழுந்திருக்காது. குடிதண்ணீர்க் குழாய் தங்கள் தெருமுனையோடு நின்றது யாரால் என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக முளைத்த வீட்டுக்காரர்கள் லீவு என்றால் மாமல்லபுரம். அவர்கள் ஓட்டு யாருக்கும் இல்லை.

மிச்சம் இந்த நெசவுத் தெரு. சாப்பிட்டு, தறியைவிட்டு எழுந்து, மூன்று மணிக்கு மேல்தான் நகரும். நகர்ந்தால் கல்யாணத்துக்குப் போவதுபோல மொத்தமாக நகரும். மொத்தமும் அவனுக்கு.

ஆனால் தெருவே பங்காளிகள். ஒரு சாவு விழுந்தால் அத்தனை பேருக்கும் தீட்டு. வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு முருகன் கோயில் மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தீட்டோடு ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள்.

அவனும் பங்காளிதான். வேட்பாளர் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அவனே தீர்மானித்துக்கொண்டான்.

"டாக்டரயாவது கூப்பிடுண்ணா" என்றாள் தேவிப்ரியா, அவன் விரலிடுக்கு வழியாக.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா டாக்டரு? வாசல்ல வண்டி வந்து நின்னா தெருவே எட்டிப் பார்க்கும். சாயங்காலம் சர்டிபிகேட்டுக்கு நானே கூட்டினு வரேன்."

பேரம் அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. தேவிப்ரியா புருஷன் விட்டுப்போனவள், பட்டு நூல் சுற்றிப் பிழைக்கிறவள். அவளுக்கு எது படியும் என்று பார்த்தான். அங்கன்வாடியில் ஒரு வேலை என்றான். படிந்தது.

"பெரியம்மாவத் தொடாத. தொட்டா தலைக்கு ஊத்தணும். ஈரத் தலையப் பார்த்தா பக்கத்து வீட்டு அம்சவேணி ஊருக்கே தண்டோரா போட்டுடுவா."

சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தவளுக்குக் காதுவரை போர்வையை இழுத்துவிட்டான். டிவியைப் போட்டான். ஏதோ காமெடி ஓடியது.

"அழுகை வந்தா சத்தத்த ஏத்திக்க."

தேவிப்ரியா கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான்குமுறை சத்தத்தை ஏற்றினாள்.

மூன்று மணிக்கு அம்சவேணி நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றாள்.

"ஏண்டி, உங்கம்மாவ ஓட்டு போட கூட்டினு வரலியா?"

"தூங்கினு இருக்குதுக்கா. நீ போய்ட்டு வா."

"நல்லா தூங்குது போ! இந்தச் சத்தத்துலயும்!"

தெரு கிளம்பியது. வேலாயுதம் முனையில் நின்று ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டான். பாகம் பிரிப்பதில் பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிகள்கூட ஒரே வரிசையில் நின்றார்கள். வாதம் வந்த குமரகுருவை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு வாக்குப்பதிவு நடந்ததே இல்லை என்று பூத் ஏஜென்ட் போனில் கத்தினான்.

ஆறு அடித்ததும் சொன்ன சொல் தவறாமல் தன் ஸ்கூட்டரிலேயே டாக்டரைக் கூட்டிவந்தான்.

"எப்ப போச்சு?" என்றார் டாக்டர்.

தேவிப்ரியா வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இப்பத்தான் சார். ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

டாக்டர் போர்வையை விலக்கினார். இமையை நீக்கிப் பார்த்தார். முழங்கையை மடக்கி நீட்டினார். அக்குளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஆமா, அவ்வளவுதான் இருக்கும்" என்றார். "உடம்பு இன்னும் ஆறவே இல்ல."

டிவியில் யாரோ சிரித்தார்கள்.

தேவிப்ரியா எழுந்து வந்து, காலையிலிருந்து தொடாத அந்தக் கையைத் தொட்டாள். பிறகு வேலாயுதத்தைப் பார்த்தாள்.

அவன் டிவியை அணைத்தான். வெளியே தெரு பேசிச் சிரித்தபடி திரும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப அழும்மா" என்றான்.