ஈரத் தொப்பி

நீச்சல்குளத்திலிருந்து ஓடிவந்தவன் ஈரக்காலை ஷூவுக்குள் திணிக்கிறான். ரப்பர் தொப்பியைக் கழற்ற மறந்து அதன்மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறான். "மாப்ள, சைக்கிள் ஓட்டப் போறியா, மறுபடி குதிக்கப் போறியா?" என்று அணித்தலைவர் கத்த, எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்லோர் பனியனிலும் அவன் அக்காவின் முகம். அவள் சிகிச்சைக்கு நிதி திரட்டத்தான் நீந்தி, மிதித்து, ஓடும் இந்தப் போட்டி. சக்கர நாற்காலியில் ஸ்டாப்வாட்சுடன் அமர்ந்து அக்காவும் சிரிக்கிறாள். இனி சிகிச்சையால் பயனில்லை என்று டாக்டர் நேற்றுச் சொன்னது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். அவன் அவள்முன் மண்டியிடுகிறான். "சொல்லிடலாமாக்கா?" அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, தொப்பியை மெல்ல உரித்தெடுக்கிறாள். தண்ணீர் அவள் மடியில் சொட்டுகிறது. "இன்னிக்கு வேணாம்டா. எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பாரு." ஹெல்மெட்டைத் திரும்ப வைத்து, அவன் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டப் பார்க்கிறாள். விரல்களில் அந்த அளவுக்கும் வலு இல்லை. அவன் முகத்தை உயர்த்தியபடியே காத்திருக்கிறான்.